இரைச்சலை விழுங்கிய பெட்டி

செங்காட்டுப்பாளையத்தில் விசைத்தறிகளின் சத்தம் நின்றுபோன அன்று ஒரு தறிகூட நிற்கவில்லை. பெல்ட்டுகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன, ஊடைநூல் சுமந்த மரநாடாக்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறந்துகொண்டுதான் இருந்தன, பாவு நூல் இறங்கி இறங்கித் துணியாகிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த ஊரின் சுவர்களையும் சோற்றுத் தட்டுகளையும் மனிதர்களின் கடைவாய்ப் பற்களையும் இராப்பகலாக ஆட்டிக்கொண்டிருந்த தடதடப்பு, திரியைக் கிள்ளி எறிந்த விளக்கைப்போல, இருந்த சுவடு தெரியாமல் போயிற்று. தன் தறிகளுக்கு நடுவே நின்றிருந்த சென்னியப்பன் காதுதான் போய்விட்டதென்று நினைத்தான். தறிக்காரனுக்குக் காது போவது புதிதல்ல, அவனுடைய அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அப்படித்தான் போனது; ஆனால் அவர்களுக்கு வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது தனக்கு இப்படி ஒரேயடியாகப் போய்விட்டதே என்று பதறித் தெருவுக்கு ஓடிவந்தால், தெரு முழுக்க ஆணும் பெண்ணும் சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டுக் குடைந்துகொண்டு நின்றார்கள். அப்போது யாரோ, "என்னுங்க இது?" என்று கேட்டார்கள். கத்தவில்லை, சும்மாதான் கேட்டார்கள். அது தெருவின் அந்தக் கோடிவரைக்கும் கேட்டது. அதைக் கேட்டுத்தான் எல்லோருக்கும் முதன்முதலாக உடம்பு நடுங்கியது.

மாடியறையில் சென்னியப்பனின் மனைவி வசுமதி மட்டும் நடுங்கவில்லை. அவள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, அழுதுவிடுவாள்போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். பழைய இசைத்தட்டுகளை இன்னமும் கேட்கிறவர்கள் சென்னையிலும் கொச்சியிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கண்ணாடிக்குழல் வால்வு போட்ட ப்ரீஆம்ப் வடிவமைத்துக் கொடுப்பது அவள் தொழில். தட்டின் பள்ளத்தில் ஓடுகிற ஊசி எழுப்பும் மின்சாரம் எறும்பின் மூச்சளவுதான் இருக்கும். அதைப் பிடித்து, ஊதிப் பெரிதாக்கி, பாட்டாகும் அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியது ப்ரீஆம்பின் வேலை. அதிலும் ஒரு சங்கடம் உண்டு. தட்டில் பள்ளம் வெட்டும்போதே கனத்த ஒலிகளை அமுக்கி, மெல்லிய ஒலிகளைத் தூக்கித்தான் வெட்டுவார்கள்; ப்ரீஆம்ப் அதைத் தலைகீழாக மாற்றிக் கனத்ததைத் தூக்கிவிட வேண்டும்; தூக்கிவிடும்போது மிருதங்கத்தோடு சேர்ந்து மின்சாரத்தின் 'ம்ம்ம்' என்ற உறுமலும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். வசுமதி பல வருஷமாக அந்த உறுமலோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வால்வுகளின் இழைகளுக்கு அலையில்லாத மின்சாரம் கொடுத்துப் பார்த்தாள், டிரான்ஸ்ஃபார்மரைத் தனி இரும்புப் பெட்டியில் அடைத்துத் தள்ளி வைத்தாள், எர்த் கம்பிகள் அத்தனையையும் ஒரே புள்ளியில் கொண்டுவந்து முடிந்தாள். குறைந்தது, போகவில்லை. அன்றைக்கு மத்தியானம், வீட்டு எர்த்தையே நம்பாமல், கொல்லையிலிருந்த பாழுங்கிணற்றின் அடிமண்ணில் ஒரு செம்புக் கம்பியை இறக்கி, பெட்டியின் எர்த்தை அதில் கட்டிவிட்டு வந்து, தட்டின் வெறும் ஓரத்தில் ஊசியை வைத்தாள்.

ஊசி ஓடியது. ஸ்பீக்கரில் ஒன்றுமே இல்லை. வெறும் காற்றுகூட இல்லை. பாட்டுக்கு உரியதைக் கொடுத்துவிட்டு மற்றதையெல்லாம் மண்ணுக்கு அனுப்புவதுதான் நல்ல ப்ரீஆம்ப் என்று அவள் படித்திருந்தாள். மற்றது எது மற்றது எது என்று ஒரு பெட்டி வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, ஊர் எல்லைவரைக்கும் போய்த் தேடிக்கொண்டு வரும் என்று எந்தப் புத்தகத்திலும் படித்திருக்கவில்லை.

கீழேயிருந்து ஓடிவந்த சென்னியப்பன் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னதும் அவள் சுவிட்சை அணைத்துப் பார்த்தாள். அணைத்த மாத்திரத்தில் தறிச்சத்தம் திரும்பியது. அதுமட்டுமல்ல, இத்தனை நேரமும் விழுங்கப்பட்டிருந்த சத்தம் முழுதும் ஒரே அடியாகப் பெட்டியிலிருந்து வெளியே விழுந்தது. ஜன்னல் கண்ணாடி குறுக்கே விரிசல்விட்டது, சென்னியப்பனின் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகியது. வசுமதி சட்டென்று சுவிட்சை மறுபடி போட்டாள். சத்தம் அடங்கியது. பெட்டியின் முகப்பிலிருந்த மீட்டரில் முள் சுழியத்தைவிட்டு ஒரு முடியளவு நகர்ந்து நின்றது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, சத்தம் மண்ணுக்குப் போகவில்லை, உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கிற பெரிய கெப்பாசிட்டரில் போய் அடைந்துகொண்டிருக்கிறது என்று. கொஞ்ச நேரத்துச் சத்தம் கண்ணாடியைப் பிளந்தது. இப்போது மறுபடி சேரத் தொடங்கிவிட்டது, இனி அணைப்பதென்றால் உடனே அணைக்க வேண்டும். அவள் கை சுவிட்சுக்குப் போவதற்குள் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

தறி உரிமையாளர் சங்கத் தலைவர் பழனிவேலப்பன் வந்திருந்தார். அவருக்குப் பின்னால் படி முழுக்க ஜனம். வசுமதி நடந்ததைச் சொன்னாள், முள்ளைக் காட்டினாள், மூக்கில் துண்டை வைத்துக்கொண்டிருந்த புருஷனைக் காட்டினாள். பழனிவேலப்பன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எங்கோ ஒரு மரத்தில் காக்கை சிறகடிப்பது கேட்டது. அந்த ஊரில் யாரும் காக்கையின் சிறகைக் கேட்டதில்லை.

"அதை அணைச்சுப் போடாத அம்மிணி," என்றார். "எங்கூரு கொஞ்ச நாளைக்குத் தூங்கட்டும்."

ஊர் தூங்கியது. வருஷக்கணக்கில் தூங்காததையெல்லாம் சேர்த்துத் தூங்கியது. தூங்கி எழுந்து, அந்த அதிசயத்தை வீட்டுக்கு வந்த மருமகளைப்போலத் தனக்குள் சேர்த்துக்கொண்டது. பெட்டிக்குக் கரண்ட் போய்விடக் கூடாதென்று சங்கம் இன்வெர்ட்டரும் பேட்டரிகளும் கொண்டுவந்து இறக்கியது, தெருவுக்கு ஒருவர் என்று முறைவைத்து வந்து பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காத்தார்கள், மின்வாரியத்துக்காரர்கள் கம்பத்தில் ஏறினால் கீழே பத்துப்பேர் நின்று கும்பிட்டார்கள். சத்தத்துக்குப் பயந்து பெண் கொடுக்காத ஊர்க்காரர்கள் பெண் கொடுத்தார்கள். தறிக்கு எதிர்த்தறியில் நின்று வாயசைவை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் முதன்முதலாக ஒருவர் குரலை ஒருவர் கேட்டு, இத்தனை கீச்சுக்குரலா இவனுக்கு என்று சிரித்தார்கள். கொசுக்களின் ரீங்காரம் போயிற்று, பஸ்ஸின் ஹாரன் போயிற்று, மாவு மில்லின் சத்தம் போயிற்று, கட்சிக்காரர்களின் ஒலிபெருக்கி வாயைத் திறந்தபடி ஊமையாய்த் தொங்கியது. பேச்சு இருந்தது, பாட்டு இருந்தது, கோயில் மணி இருந்தது. யாருக்கும் வேண்டாததுதான் போகிறது என்று ஜனங்கள் கணக்குப் புரிந்துகொண்டார்கள். வேண்டாதது போனால் நல்லதுதானே என்றும் பேசிக்கொண்டார்கள்.

வசுமதி மட்டும் தினமும் மீட்டரைப் பார்த்தாள். முள் ஒரு நாளும் இறங்கவில்லை. பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தால், கட்டிப்போட்ட மாட்டின் விலாவைத் தொட்டதுபோல, உள்ளே ஏதோ நடுங்கிக்கொண்டிருந்தது.

முதலில் தறிகளில் தப்பு வந்தது. இழை அறுந்தால் ஓட்டத்தின் சத்தம் மாறும், அந்த மாற்றத்தில்தான் தறிக்காரன் திரும்பிப் பார்ப்பான். இப்போது அறுந்தது அறுந்தபடி துணியாகியது. ஒரு நாடா தறியைவிட்டுத் தெறித்துப் பறந்து வந்தது யாருக்கும் கேட்கவில்லை, ஓர் ஆளின் கன்னத்தெலும்பு உடைந்த பிறகுதான் பார்த்தார்கள். அப்புறம் மேற்குத் தெருவில் சுகந்தி என்பவளின் கைக்குழந்தைக்கு அழுகை நின்றுபோனது. அழுவதை அது நிறுத்தவில்லை. முகம் சிவந்து, வாய் கோணி, தொண்டைக்குழி துடிக்க அழுதுகொண்டுதான் இருந்தது, சத்தம்தான் வரவில்லை. பல்முளைக் காய்ச்சலில் நாள்கணக்கில் விடாமல் கத்திய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து நடந்து ஓய்ந்துபோய், கொஞ்சம் நிறுத்தித் தொலையேன் சாமி என்று அவள் ஒரு கணம் மனசுக்குள் நினைத்ததாகச் சொன்னாள், நினைத்ததும் நின்றதாம். அன்றிலிருந்து குழந்தையின் காலில் சலங்கையைக் கட்டிவிட்டு, சலங்கை அசைகிறதா என்று கேட்டபடியே இருந்தாள். அந்தச் சேதி ஊருக்குள் பரவியபோதுதான் எல்லோரும் ஒருவர் வாயை ஒருவர் பார்க்கத் தொடங்கினார்கள்.

இருமிக்கொண்டே கிடந்த ஒரு கிழவரின் இருமல் போயிற்று. கூலி போதவில்லை என்று ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை கேட்கிற தறிக்காரர் ஒருவர், கேட்டுக்கொண்டிருக்கும்போதே குரலற்றுப்போனார். குடித்துவிட்டு வருகிற புருஷனைத் திட்டுகிற பெண்ணின் திட்டு பாதியில் அறுந்தது. அவன் பாட்டுக்குச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். இப்படி ஆனவர்களுக்கு ஊர் 'அடங்கினவங்க' என்று ஒரு பெயரும் வைத்துவிட்டது, ரேஷன் கடையில் அவர்களுக்குத் தனி வரிசைகூட வந்துவிட்டது, வரிசையில் நின்று விரலைக் காட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். அதோடு ஊரின் பேச்சே மாறிப்போனது. கேட்கிறவருக்குப் பிடிக்காத ஒரு வார்த்தை சொன்னால் அதுவே கடைசி வார்த்தையாகிவிடுமோ என்று பயந்து, எல்லோரும் எல்லோரிடமும் தேன் தடவியே பேசினார்கள். கறி வெந்திருக்கிறதா என்றால் வேகாததையும் அமிர்தம் என்றார்கள். நோயாளிகள் வைத்தியரிடம் சுகமாயிருக்கிறேன் என்றார்கள். வாசலில் இரண்டு பெண்கள் நின்று சிரித்துப் பேசினால், கிட்டத்தில் போய்ப் பார்க்கும்போது இருவர் உதட்டுக்கு மேலும் வேர்த்திருக்கும்.

சென்னியப்பனின் தங்கை கஸ்தூரியின் குரல் எந்த நாளில் போனதென்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. புருஷன் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய பிறகு அண்ணன் வீட்டில் தங்கி, கீழே தறி நாடாக்களுக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். அவளுக்கு எப்போதும் ஏதாவது ஒரு குறை இருக்கும். சாயந்திரமானால் மாடிக்கு ஏறி வந்து, "அண்ணி, ஒண்ணு சொல்லோணும்," என்பாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உறுமலைத் தேடிக்கொண்டிருக்கும் வசுமதி கையை மட்டும் உயர்த்தி, அப்புறம் சொல்லு கஸ்தூரி என்பாள். ஒருநாள் கதவோரத்தில் நிழலாடுவதைப் பார்த்துத் திரும்பியபோது கஸ்தூரி நின்றுகொண்டிருந்தாள், வாய் அசைந்துகொண்டிருந்தது, ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை நாளாக இப்படி வந்து வந்து நிற்கிறாளோ தெரியவில்லை. வசுமதி ஈயம் பற்றவைக்கும் கோலை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். சென்னியப்பனிடம் சொன்னபோது, அவன் பாவம் என்று மட்டும் சொன்னான்.

தை பிறந்து சில நாளில், வால்வின் கண்ணாடிக்குள் ஊதா வெளிச்சம் கட்டத் தொடங்கியது. நல்ல வால்வு கங்குபோல மஞ்சளாக எரியும். உள்ளே காற்று கசிந்துவிட்டால்தான் ஊதாவாகும். அப்படியானது சீக்கிரம் அணைந்துபோகும். மாற்றலாமென்றால் பெட்டியை அணைக்காமல் மாற்ற முடியாது. மீட்டரின் முள் வலது கோடியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரத்துச் சத்தத்துக்கே மூக்கில் ரத்தம் வந்தது. ஆவணியிலிருந்து தை வரைக்கும் ஊர் முழுக்க ஓடிய தறிகளின் சத்தம் ஒரே அடியாக வந்து விழுந்தால் என்ன மிஞ்சும் என்று வசுமதி நினைத்துப் பார்த்தாள். பெட்டி ஓயும் முன்பே உள்ளே இருப்பதைச் சொட்டுச் சொட்டாக வடித்துவிட வேண்டும். கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை வடிக்க ஒரு சின்ன ரெசிஸ்டர் போதும், அதை எந்த வடிவமைப்பிலும் அவள் மறந்ததில்லை. இந்தப் பெட்டியிலும் இருந்தது. அது மின்சாரத்தைத்தான் வடித்தது, சத்தத்தை வடிக்கவில்லை.

அவள் பழனிவேலப்பனிடம் போய் ஊரைக் கூட்டச் சொன்னாள். கல்யாண மண்டபத்தில் கூட்டினார்கள். ஒவ்வொருவராக எழுந்து பெட்டியைப் புகழ்ந்தார்கள், வசுமதியைப் புகழ்ந்தார்கள், ஊரின் அமைதியைப் புகழ்ந்தார்கள். சுகந்தியும் எழுந்து, சலங்கைக் காலோடு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லாம் நல்லாயிருக்குதுங்க என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கடைசியில் வசுமதி எழுந்தாள்.

"வால்வு சாகப்போகுதுங்க," என்றாள். "இன்னிக்கோ நாளைக்கோ தெரியாது. அது அணைஞ்சா, இத்தனை நாளா முழுங்கினது எல்லாம் ஒரேயடியா நம்ம தலையில வந்து..."

அவ்வளவுதான். தொண்டை அசைந்தது, நாக்கு அசைந்தது, அவளுடைய மூச்சு அவளுடைய உதட்டில் சுட்டது. குரல் மட்டும் வரவில்லை. அவள் இன்னும் பலமாகக் கத்தினாள். மண்டபத்தில் அத்தனை முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன, ஒரு முகத்திலும் சலனமில்லை. கூட்டத்தில் சென்னியப்பனைத் தேடினாள். அவன் தன் கைவிரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பழனிவேலப்பன் எழுந்து, அம்மிணி பேசினதில் எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் நன்றாகக் கேட்டது.

வசுமதி தனியாக வீட்டுக்கு நடந்தாள். மாடியில் அன்றைக்குப் பெட்டிக்குக் காவல் கஸ்தூரி. வசுமதி அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காத குரலில், மண்டபத்தில் சொல்ல முடியாமல்போனதையெல்லாம் தனக்குத்தானே சொல்லி அழுதாள். முடிக்கும்போது கஸ்தூரி எழுந்து வந்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு பெட்டியைக் காட்டி, வால்வைக் காட்டி, தன் தலைமேல் இரண்டு கையையும் வைத்துக் கூரை இடிவதுபோலக் காட்டினாள். வசுமதி விக்கித்துப்போனாள். ஊரே கேட்காததைக் கஸ்தூரி ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தாள்.

அப்போது கஸ்தூரியின் உதடுகள் மறுபடி அசைந்தன. வசுமதி அந்த உதடுகளையே பார்த்தாள். இவள் என்ன சொல்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்று தனக்கு இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூடத் தோன்றியதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பதினாயிரத்தில் ஒரு பங்கு உறுமலையும் ஹெட்போனில் தேடிப் பிடிக்கிறவள், அதே காதை இப்போது கஸ்தூரியின் வாயருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் தூரத்துக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் குரல் வந்தது.

"மார்ல ஒரு கட்டி இருக்குதுங்கண்ணி. ஆடி நோம்பிக்கு முன்னயே சொல்லோணும்னு வந்தேன். தினமும் வந்தேன்."

வசுமதி அவளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். தோளுக்கு மேலாகப் பார்த்தபோது மீட்டரின் முள் வலது கோடியைவிட்டு ஒரு முடியளவு இறங்கியிருந்தது. ரெசிஸ்டர் வடிக்காத சத்தத்தைக் காத்திருந்த காது வடித்திருந்தது.

விடிந்ததும் சென்னியப்பனைப் பிடித்து உட்காரவைத்து, கஸ்தூரியை அவன் எதிரில் உட்காரவைத்தாள். அவனுக்குக் கேட்கப் பாதி காலை ஆயிற்று. கேட்டதும் அவன் தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டான். அன்றைக்கே அவளை ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு வந்தான். கட்டி பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனால் கைமீறவில்லை என்றார்களாம். வசுமதி சுகந்தியிடம் போனாள். சுகந்திக்கு இவள் குரல் கேட்கவில்லை. வசுமதி குழந்தையின் சலங்கையை அவிழ்த்துத் தூர வைத்துவிட்டு, அழுதுகொண்டிருந்த வாயைச் சுட்டி, காதைச் சுட்டி, உட்கார் என்று சைகை காட்டினாள். சலங்கையைக் கேட்டிருந்தாளே தவிர அழுகைக்காக ஒருநாளும் காத்திருக்காத சுகந்தி அந்தச் சின்ன வாயில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மத்தியானம் அவள் வீட்டிலிருந்து குழந்தையின் அழுகையும் அவளுடைய அழுகையும் சேர்ந்து வந்தன. தெரு முழுக்க ஓடிவந்து நின்று கேட்டது.

அதன் பிறகு யாரும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பயம் இப்போது எதிர்ப்பக்கமாகத் துரத்தியது. முள் இறங்குகிறது என்ற செய்தி வந்ததும், வால்வு அணைவதற்குள் இறக்கிவிட வேண்டுமே என்று ஊரே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தது. மகன்கள் கிழவர்களின் இருமலுக்குக் காத்திருந்தார்கள். குடிகாரப் புருஷன் பெண்டாட்டிக்கு எதிரில் சம்மணம்போட்டு உட்கார்ந்து, இத்தனை மாதத்துத் திட்டையும் ஒரே மூச்சில் வாங்கிக்கொண்டான். பழனிவேலப்பன்கூட வந்து வசுமதியின் வாயைப் பார்த்தபடி நின்றார், கேட்கும்வரை நின்றார். மனிதக்குரல்கள் எல்லாம் திரும்பிய பிறகும் முள் பாதிக்குமேல் இருந்தது. மிச்சமிருந்தது தறி. தறிச்சத்தத்தைக் கேட்க யாருக்கு ஆசை வரும்? சென்னியப்பன்தான் முதலில் போய்த் தன் தறியின் மரச்சட்டத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றான். அறுந்த இழையை இத்தனை நாளும் கேட்காமல்விட்ட காது அது. சாயந்திரம் அவன் தறியில் ஒரு 'டக்' திரும்பி வந்தது. மறுநாள் ஊரில் ஒவ்வொரு தறிக்கும் ஓர் ஆள் அப்படிச் சாய்ந்துகொண்டு நின்றார்கள்.

முழுதும் இறங்குவதற்குள் வால்வு அணைந்தது. பகல் உச்சியில், வசுமதியின் கண்ணெதிரிலேயே, ஊதா வெளிச்சம் ஒருதரம் வெள்ளையாகி அவிந்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் விழுந்தாள். மிஞ்சியிருந்த தறிச்சத்தம் வெளியே வந்தது. ஊரிலிருந்த கண்ணாடி அத்தனையும் போயிற்று, சிமெண்டு அட்டைக் கூரைகள் பிளந்தன, ஆற்றங்கரையில் கட்டியிருந்த ஒரு பசு நின்றபடி செத்தது, கன்னத்தைத் தறியிலிருந்து எடுக்காமல் நின்றதால் சென்னியப்பனுக்கு இடக்காது அடியோடு போயிற்று. ஆனால் ஊர் இருந்தது. புழுதி அடங்கியபோது தறிகள் பழையபடி தடதடத்தன. ஜனங்கள் தெருவுக்கு வந்து ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்துக் கத்திக் கத்திப் பேசினார்கள்.

வசுமதி பெட்டியைத் திறந்தாள். வால்வைக் கழற்றினாள், கம்பிகளை அறுத்தாள், கெப்பாசிட்டரின் இரண்டு முனையையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள், ஒரு பொறிகூடப் பறக்கவில்லை. எல்லாம் செத்திருந்தது. மீட்டரின் முள் மட்டும் சுழியத்துக்கு வரவில்லை. அதற்கு மேலே, முதல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, நின்றது. அசையவே இல்லை.

அது எதைக் காட்டுகிறதென்று அவளுக்குப் புரிந்தது. யாரோ கேட்கப்படாமல் விட்டுப்போயிருக்கிறார்கள். பழனிவேலப்பனிடம் சொல்லி, வீட்டுக்கு வீடு ஆட்களை வாசலில் நிறுத்திப் பெயர் சொல்லச் சொன்னாள். எல்லோரும் சொன்னார்கள், எல்லோர் பெயரும் கேட்டது. முள் அசையவில்லை. மீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்று ஊர் முடிவுசெய்துகொண்டு, கூரைக்கு அட்டை வாங்கப் போய்விட்டது. சென்னியப்பன் அதை ஆற்றில் எறிந்துவிடச் சொன்னான். வசுமதி மீட்டரைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தாள். ஆட்டுப்பட்டிகளில் நின்று கேட்டாள், மரத்தடிகளில் நின்று கேட்டாள், சுடுகாட்டு வாசல்வரைக்கும் போய்க் கேட்டாள்.

அப்படித்தான் ஊருக்கு வெளியே, பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற சைசிங் மில்லின் பின்பக்கம் வந்தாள். கருவேல மரங்களுக்கு நடுவே ஒரு நீண்ட கொட்டகை. வெளியே அடுப்பு எரிந்தது. பத்துப் பன்னிரண்டு பேர், ஒடிசாவிலிருந்தோ எங்கிருந்தோ மில் வேலைக்கு வந்த ஆண்கள், ஷிப்ட் முடிந்து ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஏதோ சொன்னார், மற்றவர்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். காய்ந்த எண்ணெயில் ஒருவர் கடுகைப் போட்டார், கடுகு வெடித்துத் துள்ளியது. ஒன்றும் கேட்கவில்லை. வசுமதி இரண்டடி கிட்டத்தில் போய்க் காது கொடுத்தாள். மில்லின் தடதடப்பு முதுகுப்பக்கம் கேட்டது, கருவேல மரத்தில் குருவி கத்துவது கேட்டது, அந்தக் கொட்டகையிலிருந்து மட்டும் ஒரு சின்னச் சத்தமும் வரவில்லை.

அவள் ஓடிப்போய் மில் மேஸ்திரியிடம், இவர்கள் எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டாள். அவருக்குக் கேள்வி புரியவில்லை. "அவிய எப்பவுமே இப்பிடித்தானுங்களே," என்றார். "பேச்சு வார்த்தை ஒண்ணும் கிடையாது. வந்தா வேலை, போனா சோறு."

அவள் திரும்பி வந்தாள். அவர்கள் முகங்களில் கலவரமில்லை, சைகையில்லை, யாரும் தொண்டையைத் தொட்டுக் காட்டவில்லை. அவர்களுக்குள் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஊருக்குத்தான் தங்கள் சத்தம் கேட்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவே இல்லை. தெரிந்துகொள்ள ஒன்றும் மாறியிருக்கவும் இல்லை. வாசலில் நிற்கிற பெண்ணைப் பார்த்து ஒருவர் எழுந்தார், நரைத்த மீசைக்காரர். நூல் கோன் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துத் துண்டால் தட்டி அவள் முன்னால் வைத்தார். ஏதோ கேட்டார். அவள் அதன்மேல் உட்கார்ந்தாள். மடியிலிருந்த மீட்டரைப் பார்க்கவில்லை, அவர் வாயைப் பார்த்தாள்.

"சொல்லுங்க," என்றாள்.

அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, தயங்கித் தயங்கிப் பேசத் தொடங்கினார். அவளுக்குத் தெரியாத மொழி, அவளுக்குக் கேட்காத குரல். நிழல் நகர்ந்தது. அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், வசுமதி கேட்டுக்கொண்டே இருந்தாள், இது வராமலே போய்விடுமோ என்று நினைத்தபடியே கேட்டாள். அப்போது அவர் பேச்சை நிறுத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார், எங்கோ வெகுதூரத்தில் கேட்பதுபோல, அந்த இருமல் அவளுக்குக் கேட்டது.